சாக்குப்பைக்குப் பின்னால் நின்றவள்

பள்ளிக்கூடத்து கேட் முன்னால் நின்று நான் வாட்ச்மேனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். காலை எட்டு மணி இருக்கும். தை மாதத்துப் பனி இன்னும் முழுதாக விலகவில்லை. என் குரல் தெருக்கோடி வரைக்கும் கேட்டது என்று பிற்பாடு என் வீட்டுக்காரர் சொன்னார்.

"இங்கதான வச்சோம்? நேத்து சாயங்காலம் இதே கேட்டுக்கிட்டதான வச்சோம்? எங்க போச்சு?"

"என்னம்மா வச்சீங்க?"

"சாக்கு."

வாட்ச்மேன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சாக்குல என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல. வெறும் சாக்கு."

வரிசையில் நின்ற நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. சிரித்தவர்களுக்கும் சேர்த்து நாலு வார்த்தை சொன்னேன். அவற்றை இங்கே எழுத முடியாது.

போன வாரம் என் கோபத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு மயிலாடுதுறையிலிருந்து ஒரு வாசகி, "ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று உங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லையா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். சொல்லியிருக்கிறார்கள், அம்மா. தினமும் சொல்கிறார்கள். இந்த வாரக் கதையைப் படித்தால் நீங்களும் சொல்வீர்கள்.

சாக்கு என்றால் ஆள்

எங்கள் ஊர் அம்மாப்பேட்டை பக்கம். கூட்டுறவுச் சங்கத்துக்கு யூரியா லாரி வரப்போகிறது என்று தெரிந்தால், முதல் நாள் சாயங்காலமே ஒரு வெறும் சாக்கில் பேரை எழுதி, சங்கத்து வாசலில் வரிசையாகப் போட்டு, மேலே ஒரு செங்கல்லை வைத்துவிட்டு வந்துவிடுவோம். அப்புறம் போய் மாடு கறக்கலாம், மடை பார்க்கலாம், நிம்மதியாகத் தூங்கலாம். காலையில் வந்து நம் சாக்கு கிடக்கிற இடத்தில் நின்றால் ஏன் என்று ஒருவர் கேட்க மாட்டார்.

வரிசை நகர்ந்தால், பின்னால் நிற்கிறவர் முன்னால் கிடக்கும் சாக்கையும் எடுத்து நகர்த்தி வைப்பார். வரப்புச் சண்டையில் பத்து வருசமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியின் சாக்காக இருந்தாலும் நகர்த்தி வைப்பார். சாக்கைத் தூக்கி எறிந்தவன் என்று பேர் வாங்கினால் அப்புறம் அந்த ஊரில் பெண் கொடுக்க மாட்டார்கள்.

அந்தப் பழக்கத்தைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம் பாருங்கள், அதுதான் எங்கள் புத்தி.

என் மகள் யாழினிக்கு அப்போது மூன்றரை வயது. அந்தப் பள்ளியில் எல்.கே.ஜி.க்கு ஃபார்ம் கொடுப்பது வருசத்தில் ஒரே ஒரு நாள். விடியற்காலையிலேயே வரிசை நின்றுவிடும் என்று பக்கத்துத் தெருவில் சொன்னார்கள். எங்களுக்கோ அன்றைக்குப் பார்த்துச் சம்பா அறுவடை. பத்து நாளாகக் கூப்பிட்டும் வராத அறுவடை மிஷின் அந்த வாரம்தான் எங்கள் வயல் பக்கம் திரும்பியிருந்தது. வானம் வேறு மூடிக்கொண்டு வந்தது. விட்டால் அடுத்த முறை எப்போது என்று அந்த டிரைவருக்கே தெரியாது.

என் வீட்டுக்காரர் முருகையன் ரொம்ப நேரம் தலையைச் சொறிந்தார். அப்புறம், "அதான் வழி இருக்கே" என்றார். பைக்கை எடுத்துக்கொண்டு தஞ்சாவூர் போய், கேட்டுக்குப் பக்கத்தில் சாக்கைப் போட்டு, செங்கல்லை வைத்துவிட்டு வந்துவிட்டார். "மொத ஆளு நாமதான்" என்று சொன்னபோது அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அவரை மட்டும் குறை சொல்லக் கூடாது. "பரவால்லையே, மூளை வேல செய்யுதே" என்று மெச்சிக்கொண்டது நான்தான். மறுநாள் மாட்டைக் கறந்து, மிஷின்காரருக்கு இட்லி கொடுத்து அனுப்பி, வயலை என் தம்பி பொறுப்பில் விட்டுவிட்டு, தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு சாவகாசமாகத்தான் கிளம்பினோம். எங்களுக்குத்தான் இடம் இருக்கிறதே.

எனக்கு அந்தப் பள்ளிக்கூடம் எதற்கு

நான் படித்தது எங்கள் ஊர் ஒன்றியப் பள்ளிக்கூடத்தில். என்னைச் சேர்த்த கதை இரண்டு நிமிடக் கதை.

என் அம்மா நடவு வேலைக்குப் போகிறவள். சேறு காயாத காலோடு என்னைக் கையில் பிடித்துக்கொண்டு போய் வாசலில் நின்றாள். ஹெட்மாஸ்டர், "வலது கையைத் தலைக்கு மேல போட்டு எடது காதைத் தொடு" என்றார். எனக்கு எட்டவில்லை. விரல் நுனிக்கும் காதுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி. நான் தலையைச் சாய்த்து எப்படியோ தொட்டுவிட்டேன். அவர் அதைப் பார்த்தார், பார்க்காததுபோல இருந்துகொண்டார். பிறந்த தேதி எது என்று அம்மாவைக் கேட்டார். "மழ நாளுங்கய்யா, வெள்ளம் வந்த வருசம்" என்றாள் அம்மா. அவர் ஜூன் மாதத்தில் ஒரு தேதியை எழுதிக்கொண்டார். அன்றைக்கே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். மத்தியானம் சோறும் முட்டையும் போட்டார்கள்.

அந்த மனிதர் மட்டும் "அடுத்த வருசம் கூட்டிட்டு வா" என்று சொல்லியிருந்தால், அம்மா என்னைத் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் விட்டிருப்பாள். அத்தோடு என் படிப்பு முடிந்திருக்கும். இன்றைக்கும் அவரை நினைத்தால் கை தானாகக் குவிகிறது.

அப்படியிருக்க, உன் மகளுக்கு மட்டும் ஏன் தனியார் பள்ளி என்று கேட்பீர்கள். கேளுங்கள். என் மாமியார், என் தம்பி, பஸ் கண்டக்டர் உட்பட எல்லாரும் கேட்டார்கள்.

நான் லேப் டெக்னீசியன் படித்துவிட்டுத் தஞ்சாவூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. சென்னையிலிருந்து ஒரு டாக்டர் போன் செய்தார். ஒரு நோயாளியின் ரிசல்ட் வேண்டும். ரிசல்ட் என் கையிலேயே இருக்கிறது. நான்தான் பார்த்தேன், நான்தான் எழுதினேன். அவர் இங்கிலீஷில் மளமளவென்று கேட்கிறார். எனக்குப் புரிகிறது. பதில்தான் வரவில்லை. "ஒன் மினிட் சார்" என்று சொல்லி, பக்கத்தில் நின்ற பெண்ணிடம் போனைக் கொடுத்தேன். அவள் வேலைக்கு வந்து ஒரு வாரம்தான். ரத்தம் எடுக்கக்கூடத் தெரியாது. அவள் நான் எழுதியதைப் பார்த்துப் படித்தாள். டாக்டர் அவளுக்கு நன்றி சொன்னார்.

அன்றைக்கு பாத்ரூமில் போய் அழுதேன். வாயாடி என்று ஊரே பேர் வைத்த எனக்கு வாய் இல்லாமல் போனது அந்த ஒரு இடத்தில்தான். என் பெண்ணுக்கு அது நடக்கக் கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன். எனக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை.

அதனால்தான் அந்தப் பள்ளிக்கூடம். வேறு எந்தப் பெருமைக்காகவும் இல்லை.

அறுபதாவது இடம்

நான் வாட்ச்மேனோடு மல்லுக்கு நின்றபோது, முருகையன் சத்தம் போடாமல் வரிசையை ஒட்டியே நடந்து போனார். அவர் சுபாவம் அது. வரிசை காம்பவுண்டுச் சுவரைச் சுற்றிப் போய்ப் பின் தெருவில் திரும்பியிருந்தது. கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து கையை ஆட்டினார். "தேனு, இங்க வா."

போய்ப் பார்த்தேன். வரிசையின் வால் பக்கத்தில் எங்கள் சாக்கு. நாலாக மடித்து, 'முருகையன்' என்ற பேர் மேலே தெரிகிறமாதிரி, செங்கல்லும் வைத்து. அதற்குப் பின்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். என் வயசுதான் இருக்கும். பனிக்குத் தலையில் துண்டு கட்டியிருந்தாள். கையில் ஒரு ஒயர்கூடை.

"சாக்கு உங்களுதுங்களா?" என்றாள். "வாங்க, நில்லுங்க. எவ்வளவு நேரந்தான் இதுக்குக் காவ இருக்கறது?"

பேர் கலைச்செல்வி, வலங்கைமான் பக்கம். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கட்டட வேலை. வயலை இவள்தான் பார்க்கிறாள். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறாள். அப்போதே வரிசை பின் தெரு வரைக்கும் வளர்ந்துவிட்டதாம்.

"சாக்கக் கேட்டுக்கிட்ட சாக்கட ஓரமா தூக்கிப் போட்டிருந்தாங்க. பேரு எழுதியிருந்துச்சு. செங்கல்லும் கெடந்துச்சு. பாத்தவொடனே தெரிஞ்சுபோச்சு, நம்ம பக்கத்து ஆளுன்னு. பேரு எழுதின சாக்க எப்படிங்க விட்டுட்டு வர்றது? முன்னாடி கொண்டுபோயி வச்சா இவங்கள்லாம் சண்டைக்கு வருவாங்க. எனக்கு முன்னாடி வைக்க நான் யாரக் கேக்கணும்?"

அவளுக்குப் பின்னால் கார்ச்சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்த ஒருவர், "இதெல்லாம் எந்த ஊரு நியாயங்க?" என்று முணுமுணுத்தார்.

"எங்க ஊரு நியாயம்" என்றாள் கலைச்செல்வி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

எனக்கு அவளை அந்த நிமிடமே பிடித்துப்போனது. ஒயர்கூடையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தாள். இஞ்சி தட்டிப் போட்ட டீ. மூன்று பேரும் மாற்றி மாற்றிக் குடித்தோம். அறுத்தாச்சா, நெல்லுல ஈரப்பதம் எவ்வளவு காட்டுது, மிஷினுக்கு மணிக்கு என்ன கேக்குறான் என்று பேச்சு ஓடியது. அவள் மகளுக்கும் யாழினி வயசு. "பேரு தமிழ்நிலா. வாய் ரொம்ப நீளம்" என்றாள். என் மகள் மட்டும் என்ன என்று நான் சொன்னேன். இரண்டு பேரும் ஒரே வகுப்பில் உட்காரப் போகிறார்கள் என்று முருகையன் சிரித்தார்.

ஒன்பது மணிக்கு ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். கையில் டோக்கன் கட்டு. அது இருந்தால்தான் ஃபார்ம். ஒவ்வொருவராக எண்ணிக் கொடுத்துக்கொண்டே வந்தார். அம்பத்தெட்டு, அம்பத்தொம்பது. என் கையில் ஒன்றை வைத்தார். "அறுபது. இதோட சரி. மத்தவங்க அடுத்த வருசம் வாங்க."

கொஞ்ச நேரம் எனக்கு விளங்கவே இல்லை. விளங்கியதும் திரும்பிப் பார்த்தேன். கலைச்செல்வி நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை.

வழக்கம்போல எனக்குக் கோபம் வந்தது. ஆபீஸ்காரர் பின்னாலேயே போனேன். "இன்னொண்ணு குடுத்தா என்ன சார் கொறஞ்சிரும்? விடியாத நேரத்துல வந்து நிக்கறாங்க. கையில கட்டுக் கட்டா வச்சிருக்கீங்கள்ல?"

அவர் பொறுமையான மனிதர். "இது மத்த வகுப்புக்கும்மா. அறுபதுன்னா அறுபதுதான். உங்க கையில ஒண்ணு இருக்குல்ல? அவங்களுக்கு வேணும்னா அதக் குடுங்க."

நான் திரும்பி வரிசைக்கே வந்தேன்.

நியாயமாகப் பார்த்தால் அந்த டோக்கன் அவளுடையது. எங்கள் இடம் சாக்கடை ஓரத்தில் போய்விட்டது. சாக்கைத் தட்டி எடுத்து அவள் தனக்கு முன்னால் வைத்திருக்காவிட்டால், அறுபதாவது ஆள் அவள்தான். இது எனக்குத் தெரியும், முருகையனுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். கார்ச்சாவிக்காரர்கூட எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முருகையன் என் முகத்தைப் பார்த்தார். கலைச்செல்வியும் பார்த்தாள். நான் டோக்கனை உள்ளங்கையில் வைத்து இறுக மூடிக்கொண்டேன். மன்னிப்பு கேட்கிறமாதிரி எதையாவது எழுதி இந்த இடத்தை மழுப்பலாம். மழுப்பவில்லை. நான் கொடுக்கவில்லை.

அவள் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் பிளாஸ்க்கைக் கூடையில் வைத்து, தலைத்துண்டை அவிழ்த்து உதறி, "சரிங்க, நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள்.

கிடைத்தது

யாழினிக்கு அந்தப் பள்ளியில் இடம் கிடைத்தது. நேர்முகத்தில் கிளி படத்தைக் காட்டி என்ன நிறம் என்று கேட்டார்கள். "பச்ச. எங்க வயக்காட்டுல வந்து நெல்லத் திங்கும். அப்பா தகரம் தட்டுவாங்க" என்று அவள் மூச்சுவிடாமல் சொன்னாள். டீச்சர்கள் சிரித்தார்கள். தமிழில் பேசினாளே என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். தலைமை ஆசிரியை அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, "வேற என்ன வரும் உங்க வயலுக்கு?" என்று தமிழிலேயே கேட்டார். அந்த அம்மாவுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? பட்டேன். சர்க்கரைப் பொங்கல் வைத்துத் தெருவுக்கே கொடுத்தேன். ஆனால் ஃபார்ம் வாங்கிய அன்று வீடு வந்து சேரும் வரைக்கும் முருகையன் ஒரு வார்த்தை பேசவில்லை. பைக்கின் பின்னால் உட்கார்ந்து அவர் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் சோறு போடும்போது கேட்டேவிட்டேன். "என்னதான் நெனைக்கிறீங்க? நான் குடுத்திருக்கணும்னா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "உன் கையில இருந்ததுனால நான் தப்பிச்சேன் தேனு. என் கையில இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியல."

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டிவிட்டு மறந்திருப்பேன். இந்த மனிதரோடு இதுதான் தொல்லை. என் தப்பிலும் பாதியைக் கேட்காமலே எடுத்துக்கொள்வார். இவரைக் கட்டிக்கொள்ள எந்தச் சாமிக்கு நேர்ந்துகொண்டேனோ தெரியவில்லை.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. யாழினியை வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் அந்த நீட்டிய கை ஞாபகத்துக்கு வரும். ஆடி பிறந்ததும் முருகையனிடம், "வலங்கைமான் போவோம்" என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தில் அறுவடை மிஷின் புரோக்கர் ஒருவர் அவருக்குப் பழக்கம். சிங்கப்பூர்க்காரர் வீடு, கலைச்செல்வி என்று கேட்டதும் ஊரைச் சொல்லிவிட்டார்.

ஒரு மத்தியானம்

பூவன் பழம் ஒரு சீப்பும் மல்லிகைப் பூவும் வாங்கிக்கொண்டு போனோம். கலைச்செல்வி நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் யார் என்று நெற்றியைச் சுருக்கினாள். அப்புறம் அடையாளம் தெரிந்தது. முகம் ஒரு நொடி இறுகியது. "வாங்க" என்றாள்.

முருகையன் வயலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நழுவினார். நானும் அவளும் கூடத்தில் உட்கார்ந்தோம். தமிழ்நிலாவை அந்த ஊர் அரசுப் பள்ளியோடு சேர்ந்த அங்கன்வாடியில் விட்டிருக்கிறாள். "நல்ல டீச்சருதான். இருந்தாலும் எனக்கு மனசு ஆறல. அடுத்த வருசம் மறுபடி வரிசையில நிப்பேன்" என்றாள்.

நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை எல்லாம் விட்டுவிட்டேன். "அன்னிக்கு அந்த டோக்கன் உங்களுது" என்று மட்டும் சொன்னேன். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

"ஆமா, என்னுதுதான்" என்றாள் அவள். "பஸ்ஸுல வூடு வந்து சேர்ற வரைக்கும் உங்களத் திட்டிக்கிட்டேதான் வந்தேன். அந்தச் சாக்கப் போயி எடுத்தேனே, எனக்கு எதுக்கு இந்த வேலன்னு என்னையும் திட்டிக்கிட்டேன். நாலு நாளு சரியாச் சாப்புடல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வாங்கிக்கட்டிக்கொள்ளத்தானே வந்திருந்தேன்.

அவள் பூவைப் பிரித்துப் பாதியைக் கிள்ளி என் பக்கம் தள்ளினாள்.

"ஆனா ஒண்ணு சொல்றேங்க. அந்தாளு, வேணும்னா உங்களுதக் குடுங்கன்னு சொன்னாருல்ல? நான் அங்கயே நின்னது எதுக்குங்கறீங்க? நீங்க குடுத்துருவீங்கன்னு பாத்துத்தான். 'இந்தாங்க'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, வேணாங்கன்னு சும்மா ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லியிருக்க மாட்டேன். புடுங்கிக்கிட்டு ஓடியிருப்பேன். உங்க புள்ளையப் பத்தி நெனச்சிருக்கவே மாட்டேன். அப்புறம் உங்கள மட்டும் எப்படிங்க குத்தம் சொல்றது?"

சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள். "சாப்பிட்டுட்டுத்தான் போவணும். மீன் வாங்கி வச்சிருக்கேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஆறு மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் அந்த இடத்தில் இறங்கியது. ஓவென்று அழுதேன். அவள் வந்து பார்த்துவிட்டு, வெங்காயத்தையும் அரிவாள்மனையையும் என் முன்னால் வைத்து, "அழுவறதுன்னா இத அரிஞ்சுக்கிட்டே அழுவுங்க" என்றாள்.

எங்கள் பக்கத்தில் நன்றி என்று வாயால் சொல்கிற பழக்கம் இல்லை. சொன்னால் அந்நியமாகப் படும். அன்றைக்கு வரிசையிலிருந்து அவள் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தபோதும் நான் சொல்லவில்லை, அந்தக் கூடத்தில் உட்கார்ந்து மீன்குழம்பு சாப்பிட்டபோதும் சொல்லவில்லை.

கலைச்செல்வி இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் வாங்குகிறவள். அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நன்றி, கலைச்செல்வி. உன் இடத்தில்தான் என் பெண் படிக்கிறாள்.